ஆடிப்பூரத்தன்று நான் தேடிய பிள்ளை

போன ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்க் கூட்டத்தில் நான் காணாமல் போனேன். நாற்பத்தெட்டு வயதில், சின்னதிலிருந்து நடந்து பழகிய தெருவில் காணாமல் போனேன். அதைவிடக் கொடுமை, நான் காணாமல் போனது எனக்கே தெரியாது.

நம் சனிக்கிழமை பஜனையில் ஒவ்வொருவரும் எழுந்து நாச்சியார் தாயார் தங்களுக்குச் செய்ததைச் சொல்லும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த முறை என்னைச் சொல்லச் சொன்னபோது பயமாக இருந்தது. சாட்சி சொல்கிறவர்கள் தாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. அன்று தேர் கிளம்பும் நேரத்திலிருந்து சாயங்காலம் வரை நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. வீட்டுக்காரர் சொன்னது, மகள் சொன்னது, மதினி சொன்னது, பிறகு வெள்ளரிக்காய் விற்கும் பேச்சியம்மாள் சொன்னது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் சொல்வதும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வசந்தா. ராஜபாளையத்தில் இருக்கிறோம். செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். என் வீட்டுக்காரர் கணேசன், நூல் மில்லில் ஃபிட்டர். ஒரே மகள் பவித்ரா. படித்துவிட்டு மதுரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தடவை தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பவித்ராவுக்குக் கூட்டம் என்றால் ஆகாது. சாமி, கோயில் என்பதிலும் அவளுக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. எனக்காகத்தான் லீவு போட்டு வந்தாள்.

காலை நேரம் நன்றாகவே நினைவிருக்கிறது. ராஜபாளையத்தில் ஏறிய பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. வன்னியம்பட்டி தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. பாதி வழியிலேயே இறங்கி நடந்தோம். மதினி வீடு மடவார்வளாகத்தில். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு நான்கு பேரும் கீழரத வீதிக்குப் போனோம். என் போனை வீட்டுக்காரர் பைக்குள் போட்டேன். கூட்டத்தில் யாராவது உருவிவிடுவார்கள் என்று நான்தான் கொடுத்தேன்.

தேர் நின்ற இடத்தில் தலைகள்தான் தெரிந்தன. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை. நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு நெரிசல். வெயில் வேறு. பவித்ராவின் கை என் கைக்குள் இருந்தது. வியர்வையில் வழுக்கியது. யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில் அழுத்தியது. "கோவிந்தா" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் எழுப்பினார்கள். தேர் அசைந்ததா இல்லையா, தெரியாது. அதோடு எனக்கு எல்லாம் நின்றுவிட்டது.

இனி மற்றவர்கள் சொன்னது.

கை எப்படி விடுபட்டது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் தகராறுதான். கூட்டம் தள்ளியதில் நான் அவருடைய இடது பக்கமாகப் போய்விட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். இல்லை, அம்மாதான் கையை உதறிவிட்டுப் போனாள் என்கிறாள் பவித்ரா. மதினியோ, நான் அவர்கள் காதருகில் வந்து, "நீங்க முன்னால போங்க, நான் இப்ப வாரேன்" என்று தெளிவாகச் சொன்னதாகச் சத்தியம் செய்கிறார்கள். மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இதில் எது நடந்தது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் யாரைக் கேட்பது?

தேர் நகர்ந்து கூட்டம் கொஞ்சம் பின்வாங்கிய பிறகுதான் நான் இல்லை என்று தெரிந்திருக்கிறது. முதலில் யாரும் பயப்படவில்லை. மதினி வீட்டுக்கு வழி தெரிந்தவள்தானே, வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறார்கள். மதினி வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். நான் அங்கே இல்லை. மதினி அங்கேயே காத்திருக்க, வீட்டுக்காரர் கீழரத வீதியில் போலீஸ் போட்டிருந்த உதவிப் பந்தலுக்குப் போய் மைக்கில் சொல்லச் சொன்னார். "ராஜபாளையம் வசந்தா, அரக்கு கலர் சேலை, எங்கிருந்தாலும் உதவி மையத்துக்கு வரவும்." மேளம், கோவிந்தா கோஷம், பீப்பி ஊதும் சத்தம், இவற்றுக்கு நடுவில் அந்தக் குரல் எம்புட்டு தூரம் போயிருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

பவித்ரா தனியாகத் தெற்குரத வீதி வழியாகத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே ஒருவர், "ஒரு பொம்பளை மயங்கி விழுந்துட்டாங்க, ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க" என்று சொல்ல, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறாள். படுத்திருந்தது வேறு ஒரு அம்மா. மஞ்சள் சேலை.

"அது நீ இல்லைன்னு சந்தோஷப்பட்டேன்மா. பொறவு, அந்த அம்மாவைப் பார்த்துட்டு இப்படிச் சந்தோஷப்பட்டோமேன்னு அழுகை வந்துருச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டத் தெரியாது. தூரத்தில் தேரின் உச்சி மட்டும் தெரிந்ததாம். அதைப் பார்த்து, "எங்கம்மாவைக் குடு. நீ வேற எதுவும் குடுக்க வேண்டாம். கல்யாணம்கூட வேண்டாம்" என்றாளாம். அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

அதே நேரத்தில் நான் தேரின் மறுபக்கத்தில் மேலரத வீதியில் இருந்திருக்கிறேன். அங்கே எப்படிப் போனேன் என்று யாருக்கும் தெரியாது. சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து வெள்ளரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள்தான் என்னைப் பார்த்தது. பேச்சியம்மாளுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். பிறகு ஒரு நாள் நாங்கள் குடும்பத்தோடு போய் அவளைப் பார்த்தோம். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"இந்தக்கா வந்து, சின்னப் பிள்ளை ஒண்ணு இந்தப் பக்கம் போச்சான்னு கேட்டாங்க. பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை, ஆறு வயசுன்னாங்க. பாக்கலியேக்கான்னேன். போயிட்டு, செத்த நேரங் கழிச்சு மறுக்கா வந்தாங்க. அதே கேள்வி. இப்பத்தானக்கா கேட்டீங்கன்னேன். நான் எப்ப கேட்டேன்னு என்னையவே கேக்காங்க. மூணாவது தடவையும் வரவும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. பிள்ளையத் தொலைச்ச பயத்துல இப்படிப் பேசுறாங்கன்னு நெனைச்சேன். கையப் பிடிச்சு உக்கார வச்சு, தண்ணி குடுத்தேன்."

ஆறு வயதுப் பிள்ளை. பச்சைப் பாவாடை. நான் தேடிக்கொண்டிருந்தது பவித்ராவை.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவள் ஆறு வயதில் இருந்தபோது இதே தேருக்குப் பச்சைப் பாவாடை கட்டி அழைத்துவந்தது உண்மைதான். ஆனால் அன்று அவள் தொலையவில்லை. ஒரு நிமிஷம்கூட எங்கள் கண்ணை விட்டு நகரவில்லை. அவள் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தாள். தொலையாத பிள்ளையை நான் ஏன் இத்தனை வருஷம் கழித்துத் தேடினேன்? பல நாள் யோசித்துவிட்டேன். பிடிபடவில்லை.

பேச்சியம்மாள் இன்னொன்றும் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மைக்கில் என் பெயரைச் சொன்னது லேசாகக் கேட்டிருக்கிறது. "ஏதோ வசந்தாவாம், ராஜபாளையமாம்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு நான், "அது நான்தான். எம்பிள்ளைய இங்க விட்டுட்டு நான் எப்படிப் போக" என்றேனாம்.

இதைக் கேட்டபோது என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச்சியம்மாள் கூடையைப் பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னை மேலரத வீதியில் இருந்த உதவிப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கீழரத வீதிப் பந்தல் வேறு, இது வேறு. அங்கே மைக்கில் பேசிக்கொண்டிருந்தது ஒரு பெண் போலீஸ். நான் அடையாளம் சொல்ல, அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். "பவித்ரா, வயது ஆறு, பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, அப்பா பெயர் கணேசன், அம்மா பெயர் வசந்தா. குழந்தையைப் பார்த்தவர்கள் மேலரத வீதி உதவி மையத்துக்கு அழைத்து வரவும்."

அறிவிப்பு முடிந்ததும் நான் அது நடந்ததை மறந்துவிடுவேன். திரும்பவும் அந்த அம்மாவிடம் போய், அப்போதுதான் முதல் தடவையாக வந்தவள் மாதிரி, "எம்பிள்ளையக் காணோம், சொல்லுங்கம்மா" என்று கும்பிடுவேன். அவர்களும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்வார்கள். இப்படி எத்தனை தடவை நடந்தது என்று பேச்சியம்மாளுக்குக் கணக்குத் தெரியவில்லை. "அம்புட்டுத் தடவை சொன்னாங்க, தொண்டையே கட்டியிருக்கும் அந்தப் போலீஸ் பிள்ளைக்கு" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருந்தால் அந்தச் சத்தத்தில் அது பவித்ரா காதில் விழுந்திருக்காது. நான் மறந்து மறந்து கேட்டதால்தான் அந்த அறிவிப்பு ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. எது என்னைத் தொலைத்ததோ, அதுவே என்னைக் காட்டியும் கொடுத்தது.

பவித்ரா தெற்குரத வீதி முனையில் திரும்பும்போது தன் பெயரைக் கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு குழந்தை, தன் பெயர்தான் போல என்று நினைத்து நடந்திருக்கிறாள். அடுத்த தடவை அப்பா பெயரும் அம்மா பெயரும் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்குக் கை கால் ஓடலம்மா. நான் உன்னையத் தேடிக்கிட்டு இருக்கேன். மைக்கில என்னையக் காணோம்னு சொல்லுதாங்க. எனக்கு ஆறு வயசுன்னு சொல்லுதாங்க. யாரு தொலைஞ்சது, யாரு தேடுறதுன்னே புரியல."

ஓடிப்போய்ப் பந்தலில் நின்றிருக்கிறாள். "நான்தான் மேடம் பவித்ரா" என்று அவள் சொன்னதும் அந்தப் பெண் போலீஸ், "தொலைஞ்சது சின்னக் குழந்தைம்மா" என்று சலித்துக்கொண்டார்களாம். நான் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மகளை மேலும் கீழும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொன்னேனாம்: "நீ எங்க பவித்ரா ஜாடையாவே இருக்க தாயி. அவளை எங்கயாவது பார்த்தியா?"

பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கேட்டிருக்கிறேன்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து கதறியிருப்பார்கள். பவித்ரா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தேன். அவ அப்பா தோள்ல உக்காந்து தேர் பார்த்துக்கிட்டு இருக்கா. வா, கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னாளாம். நான் உடனே எழுந்து அவளோடு போனேனாம். வேறு யார் கூப்பிட்டும் அசையாதவள், அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்தேன் என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

மைக்கில் சொல்லி வீட்டுக்காரரையும் வரவழைத்து, ஆட்டோவில் ராஜபாளையத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அதே கேள்வி. "பவித்ரா எங்க?" அவளும் அதே பதில். "அப்பா தோள்ல." நான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அமைதியாவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை எனக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. "நீங்க இங்க இருக்கீங்க, அப்ப பிள்ள யாரு தோள்ல இருக்கு?" என்று அவரிடம் கேட்டேனாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் மூளையில் அடைப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த முடிவு வருகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் வாசல் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுததையும் நான் பார்க்கவில்லை. பவித்ராதான் பார்த்தாள். அவர் என்ன வேண்டினார் என்று ரொம்ப நாள் கழித்து, நான் விடாமல் கேட்டதால் சொன்னார்.

"நீ எங்களையெல்லாம் மறந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்னு நெனைச்சேன். அவ தேடுறதை மட்டும் நிப்பாட்டிரு தாயேன்னு கேட்டேன். அதைத்தான் என்னால பார்க்க முடியல."

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் அம்மா விளக்கமாகச் சொன்னார்கள். சிலருக்கு வெயிலிலோ நெரிசலிலோ மனசு ரொம்ப அலைபாய்ந்தாலோ, நினைவைச் சேர்த்து வைக்கிற வேலை சில மணி நேரத்துக்கு நின்றுபோகுமாம். பழைய நினைவுகளும் கொஞ்சம் கலைந்துபோகுமாம். தானாகவே திரும்பிவிடுமாம். அந்த நேரத்தில் நடந்தது மட்டும் திரும்ப வராதாம்.

சாயங்காலம் எனக்கு நினைவு வந்தது. முதலில் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு பவித்ராவின் முகம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சேலை அரக்கு கலர், என்னுடையதுதான். ஆனால் தேர் எங்கே, மதினி எங்கே, நாம் ஏன் கட்டிலில் கிடக்கிறோம், ஒன்றும் விளங்கவில்லை.

"நான் யாருன்னு சொல்லும்மா" என்றாள் அவள்.

"என்னட்டி கேள்வி இது? தேர் கிளம்பிருச்சா?" என்றேன்.

"நான் யாருன்னு சொல்லு."

"பவித்ரா. எங்க பவித்ரா."

பந்தலிலிருந்து அடக்கிவைத்த அழுகையை அப்போதுதான் அழுதாள். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். எனக்கு எதற்கென்று தெரியவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பல நாள் எனக்குத் தெளிவில்லை. தூங்கப் பயம். கண்ணை மூடித் திறந்தால் இன்னொரு நாள் போயிருக்குமோ என்று பயம். தைக்க உட்கார்ந்தால், அரைமணி நேரத்துக்கு முன்னால் என்ன செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். அன்று மேலரத வீதியில் எல்லோரிடமும் போய்க் கேட்டாளே ஒருத்தி, அவள் யார்? நான்தான் என்கிறார்கள். அவள் பட்ட தவிப்பில் ஒரு துளிகூட என்னிடம் இல்லை. அவள் வேண்டிய வேண்டுதலும் எனக்கு நினைவில்லை. பேச்சியம்மாள்தான் சொன்னாள். கூடையருகில் உட்கார்ந்து நான் திரும்பத் திரும்ப, "நாச்சியாரே, எம்பிள்ளைய எங்கிட்டக் குடுத்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பப்போகிற ஏக்கம்தான் அப்படி வந்தது என்கிறார்கள் மதினி. இருக்கலாம். டாக்டர் அம்மா வெயில் என்கிறார்கள். அதுவும் இருக்கலாம். மைக்கில் உட்கார்ந்திருந்தது போலீஸ் இல்லை, தாயாரேதான் என்றும் மதினி சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. அந்த அம்மா போலீஸ்தான் என்றே நினைக்கிறேன். தொண்டை கட்டிய போலீஸ். பேச்சியம்மாளிடம் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது அவள் சிரித்தாள். "நான் என்னக்கா செஞ்சேன். உங்க நச்சரிப்புத் தாங்காமத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். எங்களை வெறும் கையோடு விடவில்லை. ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பேச்சியம்மாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பவித்ரா இப்போது ஓசூரில் இருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டதும் போன் பண்ணுவாள். "இன்னைக்கு என்னம்மா செஞ்ச, சொல்லு" என்பாள். அவள் சோதிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்படி அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் தானாகவே சனிக்கிழமைகளில் என்னோடு பஜனைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். கடைசியில் தூணோரம் நிற்கிறாரே, அவர்தான்.

எனக்குள்ளும் ஒன்று மாறியிருக்கிறது. முன்னெல்லாம் சாமி முன்னால் நின்றால் ஒழுங்காக வேண்டுவேன். எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்று யோசித்துத்தான் கேட்பேன். தப்பாகக் கேட்டுவிட்டால் தப்பாக நடந்துவிடுமோ என்று பயப்படுவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. வாயில் வருவதைச் சொல்கிறேன். சில நாள் ஒன்றும் வராது. சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் மனம் குழம்பி, எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். தெளிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போய்க் கேளுங்கள். நான் புத்தி தடுமாறிய நிலையில், இல்லாத ஒரு ஆறு வயதுப் பிள்ளையைத் தேடித் தரச் சொல்லித்தான் கேட்டேன். நான் கேட்டது தப்பு. நாச்சியாருக்கு என் பிள்ளை யார் என்று தெரிந்திருந்தது.